வாரம் ஒரு மணி நேரம்: சேவைக் கழகங்களிடம் வியாபாரி படிக்க வேண்டிய பாடம்

மலைநாட்டு வியாபாரிகள் கொடுப்பதில் பின்நிற்பவர்கள் அல்லர். 2007 ஜனவரியில் வலப்பனை, ஹங்குரான்கெத்தை பகுதிகளில் மலைகள் சரிந்தபோதும், 2025 நவம்பர் கடைசியில் 'டித்வா' புயல் நுவரெலியா மாவட்டத்தை உலுக்கியபோதும் அரிசி, பருப்பு, பால்மா, போர்வை என்று கைக்குக் கிடைத்ததை அள்ளிக் கொடுத்தவர்களில் கடைக்காரர்களும் இருந்தார்கள். அந்த நேரத்தில் எவரும் கணக்குப் பார்ப்பதில்லை. யார் எவர் என்றும் பார்ப்பதில்லை.

ஆனால் மூன்றாவது வாரத்தில் நடப்பதையும் நாம் அறிவோம். வீதி திறக்கப்படுகிறது, லொறிகள் ஓடத் தொடங்குகின்றன, கடையில் வேலை குவிகிறது. பாடசாலைக் கட்டடத்திலோ உறவினர் வீட்டிலோ தங்கியிருக்கும் குடும்பம் மட்டும் அங்கேயே இருக்கிறது. அந்தக் குடும்பத்துக்கு இப்போது தேவை அரிசி மூட்டை அல்ல. பிள்ளைக்குப் பாடசாலைச் சீருடை, தொலைந்துபோன தேசிய அடையாள அட்டைக்கு ஒரு விண்ணப்பம், தகப்பனுக்கு ஒரு வேலை. அதைக் கவனிக்க ஆளில்லை. மனமில்லாததால் அல்ல, கூடிப் பேசுவதற்கு ஓர் ஒழுங்கு இல்லாததால்.

ரோட்டரி, லயன்ஸ் போன்ற சேவைக் கழகங்களைப் பார்த்து, "வசதியானவர்கள் ஹோட்டலில் கூடிச் சாப்பிடும் இடம்" என்று சொல்வோர் நம்மிடையே உண்டு. சில இடங்களில் அப்படி நடப்பதும் உண்மைதான். ஆயினும் நூறு ஆண்டுகளைத் தாண்டி நிலைத்திருக்கும் ஓர் அமைப்பில் வியாபாரி படிக்க ஏதோ இருக்க வேண்டும். இவ்வாரம் அதைத்தான் பார்க்கப் போகிறோம்.

வியாபாரத்துக்காகத் தொடங்கிய கழகம்

1905 பெப்ரவரி 23 ஆம் திகதி அமெரிக்காவின் சிக்காகோ நகரில் நான்கு பேர் ஓர் அலுவலக அறையில் கூடினார்கள். அழைத்தவர் போல் ஹாரிஸ் என்ற சட்டத்தரணி. மற்ற மூவரில் ஒருவர் நிலக்கரி வியாபாரி, ஒருவர் சுரங்கப் பொறியியலாளர், ஒருவர் தையல் வியாபாரி. ஒவ்வொரு முறையும் ஒவ்வொருவருடைய இடத்தில் சுழற்சியாகக் கூடியதால்தான் 'ரோட்டரி' என்ற பெயர் வந்தது.

அவர்கள் கூடியதன் நோக்கம் தர்மம் அல்ல. பெரிய நகரத்தில் நட்பு வேண்டும், அந்த நட்பால் வியாபாரமும் வளர வேண்டும் என்பதே நோக்கம். ஒரு தொழிலுக்கு ஒருவர் மட்டுமே அங்கத்தவராகலாம் என்று விதித்தார்கள். இரண்டு தையற்காரர்கள் இருந்தால் போட்டி வரும் அல்லவா? யார் யாருக்கு எவ்வளவு வியாபாரம் கொடுத்தார் என்று குறித்து வைப்பதற்கே ஒருவரை நியமித்திருந்தார்கள்!

1906 இல் டொனால்ட் கார்ட்டர் என்ற சட்டத்தரணியைக் கழகத்தில் சேர அழைத்தார்கள். அவர் விதிகளைப் படித்துப் பார்த்துவிட்டு மறுத்துவிட்டார். தங்களுக்குள் மட்டுமே நன்மை செய்துகொள்ளும் ஒரு கழகம் நீண்ட நாள் நிலைக்காது, ஊருக்கும் ஏதாவது செய்ய வேண்டும் என்பது அவருடைய கருத்து. கழகம் அவரோடு வாதாடவில்லை. அவர் சொன்னதை ஏற்று, நகரத்தின் நலனையும் தன் நோக்கங்களில் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டது.

அதன் பிறகு அவர்கள் கையில் எடுத்த முதற் பெரிய வேலை என்ன தெரியுமா? பொது மலசலகூடம். நகர மத்தியில் மக்களுக்கு ஒதுங்க இடமில்லை. மதுக்கடைகளிலும் பெரிய கடைகளிலும் இருந்தன. அங்கே நுழைபவர் ஏதாவது வாங்குவார் என்பதால் அந்த வியாபாரிகளே பொது மலசலகூடத்தை எதிர்த்தார்கள். ரோட்டரிக்காரர்கள் மற்ற அமைப்புகளையும் நகர நிர்வாகத்தையும் சேர்த்துக்கொண்டு, இரண்டு ஆண்டுகள் விடாமல் நின்று அதைக் கட்டுவித்தார்கள். இங்கே கவனிக்க வேண்டியது, அவர்கள் தங்கள் சட்டைப்பையிலிருந்து மட்டும் கொடுக்கவில்லை. பொது நிர்வாகம் செய்ய வேண்டிய வேலையை அது செய்யும்வரை பின்தொடர்ந்தார்கள். ஒருநாள் தர்மத்தால் ஆகாத காரியம் இது. வாரா வாரம் கூடி, "போன வாரம் சொன்னது என்னவாயிற்று?" என்று கேட்டவர்களால்தான் ஆயிற்று.

லயன்ஸ் கழகத்தின் கதையும் இதுபோன்றதே. (நமது தோட்டத்து லயன் வேறு, இந்த லயன்ஸ் வேறு!) அதே சிக்காகோவில் காப்புறுதி வியாபாரம் செய்த மெல்வின் ஜோன்ஸ், தான் இருந்த வியாபாரிகள் வட்டம் அங்கத்தவர்களின் இலாபத்தை மட்டுமே பேசுவதைக் கண்டு, 1917 இல் பல ஊர்களின் கழகங்களை ஒன்றிணைத்தார். அங்கத்தவரின் பொருளாதார இலாபத்தை நோக்கமாகக் கொள்ளக் கூடாது என்று அவ்வாண்டிலேயே விதி செய்துவிட்டார்கள். 1925 இல் பார்வையும் செவிப்புலனும் இழந்த ஹெலன் கெல்லர் அவர்களது மாநாட்டில் பேசி, பார்வையற்றோருக்காக உழைக்கும்படி வேண்டினார். அன்று முதல் கண்பார்வைப் பணி லயன்ஸின் அடையாளமாயிற்று.

ஆக, இரு கழகங்களும் கண்ட உண்மை ஒன்றே. தன் இலாபத்துக்காக மட்டும் கூடும் வியாபாரிகள் சீக்கிரம் பிரிந்துவிடுவார்கள். ஊருக்காகக் கூடுபவர்களுக்கு நட்பும் நிலைக்கும், நல்ல பெயரும் கூடவே வரும்.

இலங்கைக்கு வந்தது

1928 இல் ஜேம்ஸ் டேவிட்சன் என்ற ரோட்டரிக்காரர் குடும்பத்தோடு கிழக்கு நோக்கிப் பயணம் புறப்பட்டு, கெய்ரோ, ஜெருசலம், பம்பாய், டில்லி, சென்னை என்று நகரம் நகரமாகக் கழகங்களை அமைத்துக்கொண்டு வந்தார். கொழும்புக் கழகம் 1929 இல் அமைந்தது. பிறகு கண்டி, நுவரெலியா என்று மலைநாட்டுக்கும் அது பரவியது. இன்று பெருநகரங்களோடு சிறிய பட்டினங்களிலும் ரோட்டரி, லயன்ஸ் பெயர்ப்பலகைகளைக் காண்கிறோம்.

நம்மவர்களுக்கும் இத்துறை புதிதல்ல. அறிஞர் ஏ.எம்.ஏ. அஸீஸ் 1945 இல் இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதியத்தையும், 1950 இல் அகில இலங்கை வை.எம்.எம்.ஏ. பேரவையையும் தொடங்கி வைத்தார். கிராமந்தோறும் இருக்கும் மரண உதவிச் சங்கமும் ஒரு சேவைக் கழகம்தான். அது ஏன் நிலைக்கிறது? மாதச் சந்தா உண்டு, பெயர்ப் பட்டியல் உண்டு, கூட்டம் உண்டு. கொடுக்க வேண்டிய நாளில் யாரையும் கெஞ்ச வேண்டியதில்லை.

கூட்டம் எப்படி நடக்கிறது?

ரோட்டரிக் கழகத்தின் வாரக் கூட்டம் பெரும்பாலும் ஒரு மணி, ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும். குறித்த நாள், குறித்த இடம், குறித்த நேரம். தலைவர் மணி அடித்துத் தொடங்குவார், மணி அடித்தே முடிப்பார். வருகைப் பதிவு எடுக்கப்படும். செயலாளர் அறிவித்தல்களைச் சொல்வார். நடந்துகொண்டிருக்கும் பணி பற்றிப் பொறுப்பானவர் அறிக்கை தருவார். பிறகு ஒரு பேச்சு. வைத்தியர், வங்கி முகாமையாளர், விவசாயப் போதனாசிரியர் என்று யாராவது தம் துறையைப் பற்றிப் பேசுவார்கள். பிந்தி வந்தவருக்கும் சின்னச் சின்னத் தவறுகளுக்கும் வேடிக்கையாக ஓர் அபராதம் விதிப்பார்கள். அந்தக் காசு உண்டியலுக்குப் போகும்.

இதில் வியாபாரிக்குப் பயன்படும் ஒழுங்குகள் நான்கு.

முதலாவது, வருகை. தொடர்ந்து நான்கு கூட்டங்களுக்குத் தக்க காரணமின்றி வராதவர் அங்கத்துவத்தை இழக்கலாம் என்பது நெடுங்கால விதி. வெளியூர் போனால் அந்த ஊர்க் கழகத்தின் கூட்டத்தில் கலந்து அதை ஈடுசெய்யலாம். கொழும்புக்குச் சரக்கெடுக்கப் போகும் வியாபாரிக்கு அங்கே புதிய அறிமுகங்கள் கிடைப்பதும் இதனால்தான். 2016 இல் இவ்விதி தளர்த்தப்பட்டு, மாதத்தில் குறைந்தது இரண்டு கூட்டமாவது வேண்டும் என்றாயிற்று. ஆனாலும் ஒழுங்காகக் கூட வேண்டும் என்ற அடிப்படை மாறவில்லை.

இரண்டாவது, பல தொழிலினர் சேர்வது. போட்டியைத் தவிர்க்க வந்த பழைய விதி, பிற்காலத்தில் வேறு நன்மையைத் தந்தது. ஒரே மேசையில் வைத்தியர், ஆசிரியர், மேசன் பாஸ், லொறி உரிமையாளர், பலசரக்குக்காரர் இருந்தால் ஒரு வேலையின் எல்லாப் பக்கமும் அங்கேயே தெரிந்துவிடும். பெண்களுக்கு நெடுங்காலம் மூடியிருந்த கதவும் 1989 இல் உலகெங்கும் திறக்கப்பட்டது.

மூன்றாவது, தலைமை மாறுவது. ஆண்டுதோறும் ஜூலை 1 ஆம் திகதி புதிய தலைவர் பொறுப்பேற்பார். எவ்வளவு நல்லவராக இருந்தாலும் ஓராண்டுதான். அடுத்து யார் என்பதும் முன்கூட்டியே தெரிவு செய்யப்பட்டுவிடும். நம் சங்கங்களில் ஒருவரே இருபது வருடம் தலைவராக இருந்து, அவர் படுத்தால் சங்கமும் படுத்துவிடுவதை எண்ணிப் பாருங்கள்.

நான்காவது, பணத்தைப் பிரித்து வைப்பது. லயன்ஸ் கழகங்களில் இது கண்டிப்பான விதி. அங்கத்தவர் சந்தா நிர்வாகக் கணக்குக்கு. சாப்பாடு, கடிதத்தாள், மண்டப வாடகை எல்லாம் அதிலிருந்துதான். பொதுமக்களிடம் திரட்டிய பணம் வேறு கணக்கு. அதில் ஒரு கோப்பைத் தேநீர்கூட வாங்கக் கூடாது. அது முழுவதும் பொதுமக்களுக்கே திரும்ப வேண்டும்.

நான்கு கேள்விகள்

1932 இல் அமெரிக்காவில் பெரும் பொருளாதார மந்தம். சமையல் பாத்திரங்கள் விற்கும் ஒரு கம்பனி, சொத்தைவிட 4 இலட்சம் டொலர் அதிகமான கடனோடு வீழும் தறுவாயில் இருந்தது. அதைப் பொறுப்பேற்ற ஹெர்பர்ட் டெய்லர் என்ற ரோட்டரிக்காரர், ஊழியர்கள் எந்தத் தீர்மானத்துக்கும் முன் கேட்டுக்கொள்ள நான்கு கேள்விகளை எழுதினார். சொல்வது உண்மையா? சம்பந்தப்பட்ட எல்லோருக்கும் நியாயமா? நல்லெண்ணத்தையும் நட்பையும் வளர்க்குமா? எல்லோருக்கும் நன்மை தருமா?

எழுதியதும் அவர் தம் நான்கு பிரிவுத் தலைவர்களை அழைத்தார். ஒருவர் கத்தோலிக்கர், ஒருவர் யூதர், மற்ற இருவர் கிறிஸ்தவத்தின் வேறு பிரிவினர். இக்கேள்விகளில் உங்கள் சமயத்துக்கு முரணானது ஏதும் உண்டா என்று கேட்டார். இல்லை என்றார்கள். பிறகு கம்பனியின் விளம்பரங்களை இக்கேள்விகளால் சோதித்தார்கள். "மிகச் சிறந்தது" என்ற நிரூபிக்க முடியாத சொற்கள் நீக்கப்பட்டன. 1937 அளவில் கம்பனி கடனை அடைத்து நிமிர்ந்தது. பின்னர் இக்கேள்விகள் ரோட்டரி முழுவதற்கும் உரியவையாயின.

சரக்கின் குறையை மறைக்காமல் சொல்ல வேண்டும், அளவையில் மோசம் கூடாது என்று சிறு வயதிலேயே கேட்டு வளர்ந்த நமக்கு இக்கேள்விகள் புதியவை அல்ல. புதியது, அவற்றை எழுதி வைத்து, ஊழியரோடு சேர்ந்து தீர்மானத்துக்குத் தீர்மானம் கேட்டுப் பார்த்த அந்தப் பழக்கம்தான்.

இந்த நாட்டில் செய்தது

தேயிலைப் பைகளின் நூலில் தொங்கும் சிறு அட்டையை அச்சிடுவதும் ஒரு பெரும் தொழில். அத்தொழிலில் உலகச் சந்தையைப் பிடித்த 'பிரின்ட்கெயார்' நிறுவனத்தின் நிறுவுநர் கே.ஆர். ரவீந்திரன். 2015-16 இல் உலக ரோட்டரியின் தலைவரான முதல் இலங்கையர் இவரே.

யுத்த காலத்தில் போலியோ தடுப்பு நாட்களில் வடக்கிலும் குழந்தைகளுக்குச் சொட்டு மருந்து போய்ச் சேர வேண்டியிருந்தது. ரவீந்திரன் தலைமையில் அரசாங்கம், யுனிசெப், ரோட்டரி ஆகியவற்றின் பிரதிநிதிகள் கொண்ட குழு பேசி, அந்நாட்களில் துப்பாக்கிகள் ஓய்ந்திருக்க வழிசெய்தது. இலங்கையில் கடைசிப் போலியோ நோயாளி காணப்பட்டது 1993 இல். 2014 மார்ச் 27 இல் தென்கிழக்காசியப் பிராந்தியமே போலியோ அற்றதாக உலக சுகாதார நிறுவனத்தால் சான்றளிக்கப்பட்டது. அரசாங்க சுகாதார ஊழியர்களின் உழைப்பே இதில் முதன்மையானது. எனினும் இடைநின்று வழிதிறந்தவர்களில் வியாபாரிகளும் இருந்தார்கள். 2004 சுனாமிக்குப் பின் அழிந்த 25 பாடசாலைகளை மீளக் கட்டிய ரோட்டரித் திட்டத்துக்கும் அவரே தலைமை தாங்கினார்.

வலப்பனைக்கு இதில் என்ன?

வலப்பனைப் பிரதேசம் விசித்திரமானது. மேலே இராகலை, உடப்புசல்லாவைப் பக்கம் குளிரில் தேயிலையும் மரக்கறியும். கீழே இறங்கினால் வயல். தமிழர், சிங்களவர், முஸ்லிம்கள் ஒரே பஸ்ஸில் ஏறி ஒரே கடையில் சாமான் வாங்குகிறார்கள். தோட்டத்துக் குடும்பம் எத்தனை நாள் வேலைக்குப் போனது, எந்த மாதம் பால்மா வாங்கவில்லை என்பதெல்லாம் பிரதேச செயலகத்துக்குத் தெரியும் முன்பே கடைக்காரரின் கடன் கொப்பிக்குத் தெரிந்துவிடும். இப்படியொரு தகவல் எந்த வெளியூர்க் கழகத்திடமும் கிடையாது. எனவே தேவையை அறிவதில் நாம் முந்தியிருக்கிறோம். குறைவது ஒழுங்குதான்.

தேவைகள் சின்னவையும் அல்ல. 2016 இல் நடந்த குடித்தொகை, சுகாதார ஆய்வின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதோர் நாட்டில் நூற்றுக்கு 17 பேர். நுவரெலியா மாவட்டத்தில் நூற்றுக்கு 32 பேர். மாவட்டங்களில் இதுவே ஆகக் கூடியது. ஆண்டுக்கொருமுறை கொப்பி பகிர்ந்தால் இது மாறாது. ஆண்டு முழுவதும் கவனிப்பு வேண்டும்.

வாரம் ஒரு மணி நேரம் கூட எண்ணும் வியாபாரிகளுக்குச் சில யோசனைகள்:

1. ஆள் தொகை பன்னிரண்டு போதும். அவர்களில் பாதிப்பேராவது வேறு தொழிலினர், வேறு சமூகத்தவராக இருக்கட்டும். தோட்டத்து ஆசிரியர் ஒருவரும் குடும்பநல மருத்துவமாது ஒருவரும் இருந்தால் பாதி வேலை முடிந்தது.

2. நாளைப் பார்த்து வைக்க வேண்டும். ஜும்ஆ, ஞாயிறு பூசை, போயா ஆகியவற்றோடு மோதாமலும், தோட்டச் சம்பளம் கைக்கு வரும் 10 ஆம் திகதி நெரிசலில் சிக்காமலும், கடை பூட்டிய பின் ஒரு மணி நேரம். ஹோட்டல் வேண்டாம். பாடசாலை வகுப்பறை போதும், தேநீர் போதும்.

3. ஆளுக்கு வாரம் 500 ரூபா என்று வைப்போம். பன்னிரண்டு பேருக்கு வாரம் 6,000. ஐம்பது வாரத்தில் 3 இலட்சம். ஒருவர் ஒரே நாளில் 25,000 ரூபா எடுத்துக் கொடுப்பது சிரமம். ஐம்பது வாரமாகக் கொடுப்பது பெரிய சிரமமில்லை.

4. இரண்டு கணக்கு, இரண்டு கையொப்பம், ஒவ்வொரு ரூபாவுக்கும் பற்றுச்சீட்டு. மாதக் கணக்கை எல்லோரும் பார்க்க ஒட்டிவிட வேண்டும். ஸகாத் யாருக்குரியது என்பது மார்க்கம் வகுத்தது. அதைக் கழக நிதியோடு கலக்கக் கூடாது.

5. நிவாரணச் சாமான் யாருடைய கடையில் வாங்குவது? கழகங்கள் உடையும் இடம் இதுதான். அங்கத்தவர் ஒருவரிடம் வாங்குவதானால் அவர் கொள்விலைப் பில்லைக் காட்டி, அதே விலைக்குத் தர வேண்டும். தீர்மானம் எடுக்கும்போது அவர் எழுந்து வெளியே போக வேண்டும். இலாபம் வைப்பதாயின் மூன்று கடைகளில் விலை கேட்டு, குறைந்ததை எடுக்க வேண்டும். ஒருவர் தர்மத்தில் இலாபம் பார்த்தார் என்ற பேச்சு எழுந்தால் பன்னிரண்டு பேரின் பெயரும் கெடும்.

6. தன் கடைக்குக் கடன்பட்டவருக்கு உதவும்போது கூடுதல் கவனம் தேவை. கழகம் கொடுத்த உதவியைப் பழைய கடனில் கழிக்கக் கூடாது. வாங்குபவரை வரிசையில் நிறுத்திப் படம் பிடிப்பதும் வேண்டாம். நாளைக்கு அவர் நம் கடை வாசலில் தலைநிமிர்ந்து நிற்க வேண்டியவர்.

7. ஆண்டுக்கு ஒரு வேலை. பத்து வேலையைத் தொட்டு விட்டுவிடாமல் ஒன்றை முடிக்க வேண்டும். ஒரு தோட்டப் பிரிவின் முன்பள்ளிக்குக் காலை உணவு என்றால், அந்த ஒன்று. மழைக்காலத்துக்கு முன் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கை எந்த லயனுக்கு யார் மூலம் போகும் என்று பெயரும் தொலைபேசி இலக்கமும் எழுதி வைப்பது இன்னொன்று. இதற்குப் பணமே தேவையில்லை. உயிர்கள் தப்பும்.

எங்கே தவறுகிறது?

கழகங்களின் குறைகளையும் மறைக்க வேண்டியதில்லை. கொடுத்த பொருளின் விலையை விடப் பதாகைக்கும் விழாவுக்கும் அதிகம் செலவானால், அது சேவை அல்ல, விளம்பரம். ஆங்கிலத்தில் மட்டுமே கூட்டம் நடத்தினால் தமிழும் சிங்களமும் மட்டும் தெரிந்த நல்ல வியாபாரி மூலையில் இருந்துவிட்டு மறுவாரம் வரமாட்டார். புதிய அங்கத்தவரைத் தம் கடைக்குப் புதிய வாடிக்கையாளராகப் பார்ப்பவர் 1905 ஆம் ஆண்டுக் கழகத்திலேயே நின்றுவிட்டவர். உலகக் கழகத்தில் சேர்வதும் சேராததும் அவரவர் விருப்பம். சந்தாவும் உண்டு, விதிகளும் உண்டு. பெயர்ப்பலகை இல்லாமலும் இந்த ஒழுங்கைக் கைக்கொள்ளலாம்.

இவ்வாரப் பயிற்சி

உங்கள் ஊர்ச் சங்கம் ஒன்றை மனதில் வைத்து மூன்று கேள்விகளுக்கு விடை எழுதுங்கள். கடைசிக் கூட்டம் எப்போது நடந்தது? அதில் தீர்மானித்தது நடந்ததா என்று யார் பார்த்தார்? தலைவர் நாளைக்கே வெளிநாடு போனால் வேலை தொடருமா?

மூன்றுக்கும் தெளிவான விடை இருந்தால் அந்தச் சங்கத்தை விட்டுவிடாதீர்கள். இல்லையென்றால், கடை பூட்டிய பின் நாலு பேரை அழைத்து ஒரு மணி நேரம் உட்காருங்கள். சிக்காகோவிலும் நாலு பேர்தான் உட்கார்ந்தார்கள். அடுத்த மழை எப்படியும் வரும். அது வரும்போது அரிசி மூட்டையோடு ஒரு பெயர்ப் பட்டியலும் நம் கையில் தயாராக இருக்கட்டும்.